காலையில் லாரி கிளம்பவில்லையா? பனியைத் திட்டும் முன் பார்க்க வேண்டியவை

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு. சாமி 1981-இல் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதை நாமே வேடிக்கை பார்த்தோம். காலியான அந்த இடங்களில் ஒன்றுக்கு என்னிடம் ஆள் இருக்கிறது: குளிர் இல்லாத ஊரில் குளிரால் கிளம்பாத லாரி.

மார்கழி பிறந்தால் போதும். விடியற்காலை நாலரை மணிக்கு போன் வரும். "அண்ணே, வண்டி ஸ்டார்ட் ஆவல. பனி ஜாஸ்தி." தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பதெல்லாம் சரிதான். ஆனால் நம் பக்கத்து விடியற்காலை 15, 16 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அந்தக் குளிருக்கு நல்ல நிலையில் இருக்கும் டீசல் எஞ்சின் இரண்டு மூன்று சுற்றில் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்கவில்லையா, கோளாறு ஐப்பசியிலேயே உள்ளே குடிவந்துவிட்டது. மார்கழி அதைக் காட்டிக்கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

டீசல் எஞ்சினில் பிளக் பொறி கிடையாது. காற்றைப் பதினாறு, பதினேழில் ஒரு பங்காக நெருக்கும்போது அது 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் நாசில் பீய்ச்சும் டீசல் தானாகப் பற்றுகிறது. ஆக வேண்டியவை மூன்று: வேகமான சுற்று, நல்ல கம்ப்ரெஷன், சரியான நேரத்தில் காற்றுக்குமிழி இல்லாத டீசல். குளிர் இந்த மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் குறைக்கும். ஏற்கெனவே ஓரத்தில் நிற்கும் ஒன்றை ஒரு தள்ளு தள்ளிவிடும்.

ஸ்பானரை எடுக்கும் முன் சாவியைப் போட்டு ஒருமுறை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, வண்டியின் பின்னால் போய் நில்லுங்கள். காது சுற்றும் வேகத்தைச் சொல்லும், கண் சைலன்சர் புகையைச் சொல்லும். பாதி வேலை அங்கேயே முடிந்தது. ஒரு தடவைக்குப் பத்து, பதினைந்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். நடுவில் இரண்டு நிமிடம் விடுங்கள். பேட்டரியைக் காலி செய்துவிட்டு என்னைக் கூப்பிட்டால் ஒரு கோளாறுக்கு இரண்டு கோளாறாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறது

இது டீசல் பக்கக் கோளாறே இல்லை. ஃபில்டரைக் கழற்றாதீர்கள்.

கனரக வண்டியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறோம். இரவு முழுக்க நின்ற பிறகு ஒவ்வொன்றும் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து மட்டும் அளந்தால், ஒன்று மற்றொன்றின் முதுகில் ஒளிந்துகொள்ளும். தனித்தனியாக அளந்து பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது மொத்த வோல்ட் 19-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி சோர்ந்துவிட்டது. மூடி திறக்கும் பேட்டரி என்றால் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள். 1.260-க்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். ஒரே ஒரு அறை மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகக் கீழே இருந்தால் அந்த அறை போய்விட்டது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியெல்லாம் அதைக் காப்பாற்ற முடியாது.

பேட்டரி நன்றாக இருந்தும் இழுக்கவில்லை என்றால் எர்த். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் தூணிலும் மறு முனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், மின்சாரம் திரும்பி வரும் வழியில் எங்கோ துரு உட்கார்ந்திருக்கிறது. ஒரு மழைக்காலத்தில் நான் ஒரே வண்டிக்கு இரண்டு ஜோடி பேட்டரி மாற்றினேன். கடைசியில் பார்த்தால், எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இருக்கும் பின்னல் பட்டையின் ஒரு முனை, போல்ட்டுக்கு அடியில் பச்சை பூத்து, தொட்டால் உதிர்ந்தது. புதுப் பட்டைக்கு ஆன செலவை இங்கே எழுதினால் எனக்கே வெட்கம்.

எஞ்சின் ஆயிலும் ஒரு காரணம். 15டபிள்யூ40 ரகம் நம் ஊருக்குத் தாராளம். 'எஞ்சின் பழசு, கெட்டி ஆயில் ஊற்று' என்று யாராவது சொன்னதைக் கேட்டு ஊற்றியிருந்தால் காலைச் சுற்று கனக்கும்.

நன்றாகச் சுற்றுகிறது, சைலன்சரில் புகையே இல்லை

இங்கேதான் உட்கார்ந்து பேச வேண்டும். வேலூர்ப் பக்கம் காலையில் கிளம்பாத வண்டிகளில் நான் பார்த்தவரை பாதிக்கு மேல் இந்த வகைதான்.

புகை இல்லை என்றால் சிலிண்டருக்குள் டீசல் போகவில்லை. டேங்கில் டீசல் இருக்கிறது. நேற்று ராத்திரி ஓடி வந்த வண்டி. அப்படியானால் ராத்திரியில் என்ன நடந்தது? டேங்க் கீழே இருக்கிறது, அதிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப்பும் ஃபில்டரும் மேலே. லைனில் மயிரிழை அளவு ஓட்டை இருந்தால் போதும். எஞ்சின் நின்றதும் அதன் வழியாகக் காற்று உள்ளே வரும், லைனில் நின்ற டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் பம்ப் டீசலுக்குப் பதில் காற்றைக் குடிக்கிறது.

இந்த ஓட்டையைக் கண்ணால் தேடுபவர்கள் ஏமாறுவார்கள். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள லைன் உறிஞ்சும் லைன். அங்கே கசிவு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும். அடியில் தரை காய்ந்தே இருக்கும். 'லீக்கே இல்லண்ணே, துடைச்சுப் பாத்துட்டேன்' என்று கிளீனர் தம்பி சத்தியம் பண்ணுவான். அவன் பொய் சொல்லவில்லை.

கையாலேயே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இரவு வண்டியை நிறுத்தியதும், கையால் டீசலை ஏற்றும் ஹேண்ட் பிரைமரை அமுக்கிப் பாருங்கள். இரண்டு மூன்று அடியில் கல் மாதிரி இறுகும். காலையில் சாவி போடும் முன் மறுபடி அமுக்குங்கள். அதே இறுக்கம் இருந்தால் லைனில் டீசல் நிற்கிறது. பஞ்சு மாதிரி உள்ளே போய், இருபது முப்பது அடி அடித்த பிறகுதான் இறுகுகிறது என்றால் ராத்திரி இறங்கிவிட்டது. இன்னொரு குறிப்பு: டேங்க் நிறைய இருக்கும் நாளில் கிளம்புகிறது, கால் டேங்கில் கிளம்பவில்லை, சமதளத்தில் சரி, மூக்கு மேலே பார்க்கச் சரிவில் நிறுத்தினால் தகராறு. இப்படி டிரைவர் சொன்னால் மேற்கொண்டு விசாரணை வேண்டாம், உறிஞ்சும் லைனில் காற்றுதான்.

எந்த இடம் என்று பிடிக்க, ஃபீட் பம்ப்புக்கு டீசல் வரும் இடத்தில் ஒரு முழ நீளம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ட்யூபைப் பொருத்திப் பிரைமரை அமுக்குங்கள். நல்ல லைனில் டீசல் ஒரே கோடாக, தேன் நிறத்தில் நகரும். ஓட்டை இருந்தால் கோர்த்த பாசிமணி மாதிரி குமிழி ஒன்றன்பின் ஒன்றாக வரும். பிறகு ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசலை எடுத்து, எஞ்சினைவிட உயரத்தில் கட்டி, அதிலிருந்து நேரே ஃபீட் பம்ப்புக்கு ட்யூப் விடுங்கள். வண்டி கிளம்பி, குமிழி நின்றுவிட்டால் கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவே. அப்போதும் தகராறு தீரவில்லை என்றால் ஃபீட் பம்ப்பிலோ அதைத் தாண்டி எஞ்சின் பக்கமோ.

நடுவே என்றால் சந்தேகப்பட வேண்டிய இடங்கள்: வெயிலில் வெடித்த ரப்பர் ஹோஸ், கிளிப்புக்கு அடியில் ஹோஸ் நசுங்கிய இடம், சேஸிஸில் உரசித் தேய்ந்த பைப், டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயின் மேல்முனை, பைப் முனையைப் பிடிக்கும் துளையுள்ள பேன்ஜோ போல்ட்டின் காப்பர் வாஷர். ஃபில்டர் மாற்றிய மறுநாளே தகராறு தொடங்கியிருந்தால் முதலில் ஃபில்டரின் ரப்பர் வளையத்தையும் காப்பர் வாஷரையும் பாருங்கள். பழைய வாஷரையே திருப்பிப் போட்டு 'டைட்' செய்வது நம் ஷெட்களில் தீராத வழக்கம். நசுங்கிய செம்பு இரண்டாவது தடவை சரியாக உட்காராது. புதிது இல்லையென்றால், பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகும். அவசரத்துக்கு ஒரு நாள் ஓட்டலாம். கசிவைத் தேட டேங்குக்குள் டயர் காற்றை விட்டு அழுத்தும் வித்தையை மட்டும் யாரும் செய்யாதீர்கள். டேங்க் அதற்காகச் செய்ததல்ல.

ஓட்டையை அடைத்தாயிற்று, இனி ஏர் எடுக்க வேண்டும், அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் ஃபில்டர் தலையிலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை நின்று டீசல் மட்டும் வரும்வரை பிரைமரை அமுக்கி, அமுக்கிக்கொண்டே இறுக்குங்கள். அடுத்து பம்ப்பின் ஸ்க்ரூ. அப்படியும் பிடிக்கவில்லை என்றால் நாசில் பைப் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி செல்ஃப் அடித்து, டீசல் துளிர்த்ததும் ஒவ்வொன்றாக இறுக்கலாம்.

காமன் ரெயில் வண்டியில், அதாவது உயர் அழுத்த டீசலை 'ரெயில்' என்ற ஒரே குழாயில் தேக்கி, கம்ப்யூட்டர் சொல்படி எல்லா இன்ஜெக்டருக்கும் பகிரும் வண்டியில், இந்தக் கடைசி வேலையைக் கனவில்கூட நினைக்காதீர்கள். லாரி டயரில் நாம் அடிக்கும் காற்று 8 பார். ரெயிலுக்குள் ஓட்டத்தில் 1,600 பாரும் அதற்கு மேலும் ஏறும். தளர்ந்த நட்டிலிருந்து வரும் மயிரிழைப் பீய்ச்சல் தோலைத் துளைத்து டீசலை உள்ளே இறக்கிவிடும். வெளியே ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. ஆனால் அது உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம். அப்படி நடந்தால் மஞ்சள் தடவிக்கொண்டு உட்காராமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காமன் ரெயிலில் ஃபில்டர் வரை பிரைமரால் ஏர் எடுத்தால் போதும், மீதியை வண்டியே பார்த்துக்கொள்ளும்.

காற்று இல்லை, டீசலும் வருகிறது, இன்னும் புகை இல்லை என்றால் பழைய வண்டியில் டீசலை நிறுத்தும் ஸ்டாப் கேபிளோ, அதையே மின்சாரத்தில் செய்யும் கட் ஆஃப் சோலினாய்டோ மூடிய நிலையிலேயே சிக்கியிருக்கும். சோலினாய்டு உள்ள வண்டியில் சாவி போடும்போது 'டக்' சத்தம் வர வேண்டும். காமன் ரெயிலில், செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் அசைகிறதா பாருங்கள். அசையவே இல்லை என்றால், எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் மேல் கை வையுங்கள். முள் அசைந்தும் பிடிக்கவில்லை என்றால் ரெயிலில் அழுத்தம் ஏறவில்லை. பொதுவாக 200 பார் அளவுக்காவது ஏறாமல் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்காது. அழுத்தத்தைத் தின்பது எந்த இன்ஜெக்டர் என்று பார்க்க, அவற்றின் ரிட்டர்ன் குழாய்களை மட்டும் கழற்றி ஒவ்வொன்றையும் ஒரு சின்ன பாட்டிலில் விட்டு செல்ஃப் அடியுங்கள். எல்லாப் பாட்டிலிலும் ஒரே மட்டம் என்றால் நல்லது. ஒன்று மட்டும் மளமளவென்று நிறைந்தால் அதுதான் ஆள். கழற்றி பம்ப் கடைக்கு எடுத்துப் போங்கள். அது ரோட்டோரத்தில் பிரிக்கும் சாமான் அல்ல.

வெள்ளைப் புகை கொட்டுகிறது, ஆனால் பிடிக்கவில்லை

டீசல் போகிறது, எரியவில்லை. கண்ணை எரிக்கும் அந்த வெள்ளை, எரியாத டீசலின் ஆவி. மெதுவான சுற்றும் சேர்ந்திருந்தால் மேலே சொன்ன பேட்டரிப் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். சுற்று நன்றாக இருந்தால் கம்ப்ரெஷன் தேய்ந்திருக்கும், டீசல் பீய்ச்சும் நேரம், அதாவது டைமிங் விலகியிருக்கும், அல்லது ஒரு நாசில் பொடியாகத் தூவாமல் ஒழுகும். சூடான எஞ்சின் தொட்டதும் கிளம்புகிறது, காலையில் மட்டும் பத்து நிமிடம் மன்றாட வேண்டியிருக்கிறது, ஆயிலும் குறைகிறது என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. சின்ன பிக்கப் வண்டிகளில் சிலிண்டரை முன்கூட்டியே சூடேற்றும் குளோ பிளக் இருக்கும். டேஷ்போர்டில் சுருள் விளக்கு அணையும்வரை பொறுத்து செல்ஃப் அடிக்கிறார்களா என்று டிரைவரைக் கேளுங்கள். பலர் பொறுப்பதில்லை. ஓடிச் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் அது வேறு கதை, ஹெட் கேஸ்கெட்.

ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடித்துக் கிளப்பும் பழக்கம் வேண்டாம். குளோ பிளக்கோ ஏர் ஹீட்டரோ உள்ள வண்டியில் அது காற்று நுழையும் மேனிஃபோல்டுக்குள்ளேயே வெடிக்கும்.

கிளம்பி, இரண்டு நிமிடம் ஓடி, நின்றுவிடுகிறது

ஃபில்டருக்குள் மிச்சமிருந்த டீசலில் ஓடியது, பின்னால் வரத்து இல்லை. டேங்க் மூடியைத் திறங்கள். 'ஸ்ஸ்' என்று காற்றை இழுத்தால் மூச்சுத்துளை அடைத்திருக்கிறது. சேறு பூசிய மூடியைத் தண்ணீரில் அலசினாலே பல வண்டிகள் மனம் மாறிவிடும்.

இல்லையென்றால் தண்ணீர். நம் பக்கம் வடகிழக்குப் பருவத்திலும் நல்ல மழை, ஐப்பசி கார்த்திகையில். பாதி டேங்கோடு ராத்திரி நிற்கும் வண்டியின் டேங்கில் ஈரக் காற்று குளிர்ந்து, உள்சுவரில் வியர்த்து, கீழே இறங்கித் தேங்கும். வாட்டர் செப்பரேட்டரின் அடித்திருகைத் திறந்து ஒரு வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் அடியில், டீசல் மேலே, நடுவில் கத்தியால் வெட்டின மாதிரி கோடு. அந்தக் கோட்டில் கறுப்பாக, மூக்குச்சளி மாதிரி ஏதாவது மிதந்தால் அது அழுக்கு மட்டுமல்ல, டீசலைத் தின்று வளரும் நுண்ணுயிர். 2021 வெள்ளத்துக்குப் பிறகு மூன்று வாரம் நின்ற ஒரு வண்டியின் டேங்கில் கையை விட்டேன், உள்ளங்கை முழுக்க வழுவழு கறுப்பு. ஃபில்டரை மட்டும் மாற்றி அனுப்பினேன். ஆம்பூர் தாண்டும் முன் திரும்ப நின்றது. டேங்கை இறக்கிக் கழுவாமல் அதற்கு முடிவு கிடையாது.

வண்டி சும்மா நிற்கும் ராத்திரிகளில் டேங்கை நிரப்பி வைத்தால் வியர்க்க இடம் குறையும். பங்கில் சந்தேகம் வந்தால் டீசலின் அடர்த்தியை அளந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள், அதற்கு நமக்கு உரிமை உண்டு.

கிளம்புகிறது, ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது

சமதளத்தில் சரி, ஏலகிரியின் பதினான்கு வளைவில் மூன்றாவதிலேயே திணறுகிறது என்றால் முதலில் டீசல் ஃபில்டர், அடுத்து ஏர் ஃபில்டர். கறுப்புப் புகையோடு திணறினால் காற்றுக் குறை. புகையே இல்லாமல் திணறினால் டீசல் குறை. டேங்குக்குள் இருக்கும் வலையையும் மறக்காதீர்கள். அதில் பாலித்தீன் துண்டு ஒட்டிக்கொண்டு ஏறும்போது மூடி, இறங்கும்போது விலகும் வேடிக்கையும் நடக்கும்.

வடக்கே போகும் வண்டி

இங்கே நான் பனி மேலுள்ள வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ராணிப்பேட்டையிலிருந்தோ வாணியம்பாடியிலிருந்தோ தோல் ஏற்றிக்கொண்டு ஜனவரியில் கான்பூர், பஞ்சாப் பக்கம் போகிற வண்டிக்கு உண்மையிலேயே குளிர்தான் எதிரி.

மார்கழியில் வீட்டில் தேங்காய் எண்ணெய் பாட்டில் உறைகிறதே, அதே சங்கதிதான். டீசலில் மெழுகு இருக்கிறது. குளிர்ந்தால் முதலில் கலங்கும், பிறகு மெழுகுத் துகள் ஃபில்டரை அடைக்கும், கடைசியில்தான் டீசலே உறையும். நம் நாட்டு டீசல் தரத்தில், ஃபில்டர் அடைக்கத் தொடங்கும் வெப்பநிலைக்கு உச்ச வரம்பு குளிர்கால டீசலுக்கு 6 டிகிரி, கோடைக்கால டீசலுக்கு 18 டிகிரி. கோடைக்கால டீசலை இங்கே வயிறு நிறைய நிரப்பிக்கொண்டு, 4 டிகிரி விடியற்காலையில் பஞ்சாபில் செல்ஃப் அடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. லடாக் மாதிரி இடங்களுக்காக மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019-இல் கொண்டுவந்தது இதனால்தான்.

அதனால் தெற்கத்தி டீசலைக் காலி செய்துகொண்டே போய், குளிர்ப் பகுதிக்குள் நுழைந்ததும் அந்த ஊர் டீசலை நிரப்புங்கள். நிரப்பிய பிறகு கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். அப்போதுதான் ஃபில்டருக்குள்ளும் புதியது வந்து சேரும். மெழுகைத் தடுக்கும் மருந்து ஊற்றுவதாக இருந்தால் கலங்கும் முன்பே ஊற்ற வேண்டும். கலங்கிய பிறகு ஊற்றுவது, செத்தவன் வாயில் கஷாயம். பழைய ஆட்கள் மண்ணெண்ணெய் கலக்கச் சொல்வார்கள். பிஎஸ்6 என்ற புகை விதிப்படி வந்த வண்டியின் உயர் அழுத்தப் பம்ப்புக்கு டீசல்தான் மசகு. மண்ணெண்ணெய் அதை உலர்த்திவிடும், சட்டமும் விடாது. டேங்குக்கு அடியில் விறகு மூட்டிக் குளிர் காய்ச்சும் டிரைவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை விட்டுவிட்டு, வெந்நீரில் நனைத்த துணியை ஃபில்டரில் சுற்றச் சொல்லுங்கள். நேரம் ஆகும், வண்டி மிஞ்சும்.

புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றும் ஆட்புளூ திரவம் மைனஸ் 11 டிகிரியில் உறையும். உறைந்தாலும் எஞ்சின் கிளம்பும். அந்த டேங்கில் இருக்கும் சூடேற்றி அதை இளக்கிக்கொள்ளும். அதில் வெந்நீர் ஊற்றிவிடாதீர்கள்.

புது ஃபில்டர் இரண்டு எப்போதும் கேபினில் இருக்கட்டும். ஒரு தை மாத ராத்திரி மூன்று மணிக்கு நடுரோட்டில் என் கையில் புது ஃபில்டர் இருந்தது. பழையதைக் கழற்றும் பட்டை ஸ்பானர் சத்துவாச்சாரி ஷெட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.